கரிமூட்டத்துப் படம்

“கறுப்பா இருக்காம். திருப்பி அனுப்பிட்டாங்க,” என்றாள் பூமயில்.

மைமூன் கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஒண்ணு ரெண்டு இல்ல. பன்னிரண்டும்.”

“உட்காருங்கக்கா.”

பூமயில் உட்காரவில்லை. உட்கார்ந்துகொண்டு கோபப்பட அவளுக்கு வராது.

பரமக்குடியில் மைமூனைத் தெரியாத பெண்கள் குறைவு. பெண்கள் பக்கம் ஆண்கள் நுழையக் கூடாத கல்யாண வீடுகளுக்கெல்லாம் கேமராவோடு போகிறவள் அவள்தான். பதினாறு வயதில் ஆரம்பித்தது. பூமயிலைவிட இரண்டு வயது இளையவள். ஆனாலும் பூமயில் அவளை ‘வாத்தியாரே’ என்பாள். வாத்தியார் மாணவியை ‘அக்கா’ என்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு.

இத்தனைக்கும் பூமயில் அவளிடம் எதையும் கற்றுக்கொண்டதில்லை. சண்டைக்குத் துணை வேண்டும்போது வருவாள், பேசித் தீர்த்துவிட்டுப் போவாள். யாரும் சொல்லித் தராமல் தானாகக் கற்றவள் என்பதுதான் அவளுடைய பெருமை. ஜெராக்ஸ் கடை வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்த பாடங்கள். இரண்டு வருடம் சேர்த்து வாங்கிய பழைய கேமரா. அவ்வளவுதான் அவளுடைய பள்ளிக்கூடம்.

ஏன் இந்த வேலையில் இறங்கினாய் என்று யாராவது கேட்டால் மலையைச் சொல்வாள், மழையைச் சொல்வாள் என்று எதிர்பார்ப்பார்கள். அவள் ஹால் டிக்கெட்டைச் சொல்வாள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. ஸ்டூடியோக்காரர் கேட்காமலே முகத்தை வெளுத்துக் கொடுத்திருந்தார். தேர்வு அறையில் மேற்பார்வைக்கு வந்தவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இது நீதானா என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாவது தரம் இன்னொருவரையும் கூப்பிட்டு வந்து கேட்டார். வினாத்தாள் கைக்கு வந்தபோது இருபது நிமிடம் போயிருந்தது.

அன்றைக்கு முடிவு செய்தாள். ஒரு நாள் நான் படம் எடுப்பேன். எவரையும் வெளுக்க மாட்டேன்.

இப்போது மதுரையில் ஒரு புகைப்படக் கண்காட்சி. கமுதிச் சாலையில், விறகை மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை பார்க்கும் பெண்களை ஆள் உயரத்துக்குச் சுவரில் நிறுத்த வேண்டும் என்பது அவள் ஆசை. தேர்வுக்குழுவிடமிருந்து இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. முகங்கள் தெரியவில்லை. வெளுப்பாக்கி நான்கு நாளில் மறுபடி அனுப்பவும்.

ஒரு கண்டனக் கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். மூன்று பக்கம். மைமூன் கையெழுத்துப் போட்டால் இன்னும் நாலு பேர் போடுவார்கள்.

மைமூன் கடிதத்தை வாங்கிப் படிக்காமல் ஓரமாக வைத்தாள். படங்களை வாங்கினாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பன்னிரண்டையும் பார்த்து முடித்த பிறகு கேட்டாள்.

“இதை அந்த அக்காமாருக்குக் காட்டினீங்களா?”

“அவங்களுக்கு எதுக்கு? சண்டை மதுரைக்காரங்களோட.”

மைமூன் எழுந்தாள். பர்தாவை மாட்டினாள். செருப்பைத் தேடினாள்.

பஸ்ஸில் பூமயில் ஓயவில்லை. முகப்பூச்சு விளம்பரத்தில் தொடங்கினாள். ‘சிவந்த மணமகள் தேவை’யில் நிறுத்தி நிதானமாக ஒரு சுற்று ஏசினாள். சினிமாவுக்கு வந்தாள். ஜன்னலோரம் இருந்த மைமூன் வழிநெடுக ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். இறங்கும் இடம் வந்துவிட்டது என்று.

அன்று ஒரு மூட்டத்தைப் பிரித்திருந்தார்கள். எட்டுப் பெண்கள் கரியைச் சலித்துச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைமூன் நலம் விசாரித்தாள், தண்ணீர் வாங்கிக் குடித்தாள், பிறகு ஒரு படத்தை எடுத்து நடுவில் நீட்டினாள்.

“இது யாருன்னு சொல்லுங்க.”

மூத்தவளான முனியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, படத்தை ஓரத்தில் பிடித்துத் தூர வைத்துப் பார்த்தாள்.

“பாண்டியம்மா சாடை.”

பாண்டியம்மா எட்டிப் பார்த்தாள். தனக்கு இப்படியா நெற்றி என்று முறைத்தாள். இது பக்கத்திலிருந்த செல்லம் என்றாள். செல்லம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் இருந்தவள் இது ஆம்பளை மாதிரியல்லவா இருக்கிறது என்று சொல்ல, சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரை ஏறியது.

பூமயில் மட்டும் சிரிக்கவில்லை.

“முனியக்கா, அது நீங்கதான்.”

முனியம்மா மறுபடி பார்த்தாள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

“கரியத்தான தாயி எடுத்திருக்க. நான் எங்க?”

“நீங்க கறுப்புதானேக்கா? அதை மறைக்கக் கூடாதுன்னுதான்...”

“கறுப்புதான். யாரு இல்லேன்னா?” முனியம்மா மற்றவர்களைக் கை காட்டினாள். “கறுப்புல இங்கன எட்டுப் பேரு இருக்கோம். அதுல எவ இவ?”

பூமயில் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கடிதத்தின் மூன்று பக்கத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

அவள் மைமூன் பக்கம் திரும்பினாள்.

“அப்போ அவங்க சொல்றதுதான் சரியா? நான் வெளுக்கணுமா?”

எப்போதும் எப்படி எடுப்பீர்களோ அப்படி ஒரு தரம் எடுங்கள் என்றாள் மைமூன்.

எடுப்பதற்குப் பூமயிலுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு சவுக்குக் கம்பை நட்டு, நடுவில் எட்டு முழ வெள்ளை வேட்டியை விறைப்பாகக் கட்டுவாள். அதற்கு முன்னால் ஆளை உட்கார வைப்பாள். பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும். வேட்டியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அவிழ்த்துக் கட்டுவாள். அன்றும் பையிலிருந்து வேட்டியை எடுத்து அப்படியே கட்டினாள். முனியம்மா வந்து உட்கார்ந்தாள். பூமயில் கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

மைமூன் போய் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். ஒரு கம்பு சாய்ந்தது. வேட்டியை நாலாக மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

பிறகு முனியம்மாவைக் கை பிடித்து எழுப்பி, கூட்டிக்கொண்டு போய், ஆளுயரக் கரிக்குவியலுக்கு முன்னால் உட்கார வைத்தாள். ஒரு தோளை மட்டும் வெயில் பக்கம் திருப்பிவிட்டாள்.

பூமயிலுக்குப் பொறுக்கவில்லை.

“கரிக்கு முன்னால உட்கார வச்சா எப்படித் தெரியும்? அமாவாசையில எருமை மாட்டைத் தேடுற மாதிரி.”

“யாருடி எருமை?” என்றாள் முனியம்மா.

“எடுங்கக்கா,” என்றாள் மைமூன்.

வீம்புக்குத்தான் எடுத்தாள். பாருங்கள், நான் சொன்னேனா இல்லையா என்று காட்டுவதற்காகத்தான் கேமராவைத் திருப்பிப் பின்பக்கத் திரையைப் பார்த்தாள்.

அதில் முனியம்மா இருந்தாள்.

நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்கு வெயில். கன்னத்தில் அடுப்புச் சட்டியின் கருஞ்சிவப்பு. மூக்கோரத்தில் நாவல் பழத்தின் நிறம். கண்ணுக்குக் கீழே வியர்வை வழிந்த கோடு; கோட்டின் இரு கரையிலும் கரித்தூள். தூள் வேறு, தோல் வேறு என்று தெரிந்தது. பின்னால் இருந்த கரி, தன் வேலை அவ்வளவுதான் என்பதுபோல ஒதுங்கிப் போயிருந்தது.

பூமயில் திரையை முனியம்மாவின் கையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். அதே கறுப்பு. ஒரு இம்மி குறையவில்லை.

“நான் எதையும் மாத்தலையே.”

“நீங்க மாத்தல. வெள்ளையப் பாத்தா உங்க கேமரா கண்ணச் சுருக்கிக்கும். சுருக்குன கண்ணுக்கு மூஞ்சி தெரியுமா?” மைமூன் தோளில் கிடந்த வேட்டியைத் தொட்டாள். “இதைக் கட்டணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தானாகக் கற்றவள் அல்லவா.

வாய் திறந்தபடியே நின்றது.

ஒரு குட்டை ஸ்டூல். ‘நாடியைத் தூக்கும்மா’ என்று ஒரு குரல். முதுகுக்குப் பின்னால் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிய வெள்ளைத் திரை. எட்டு வருடமாக அவள் திட்டிக்கொண்டிருக்கும் அந்த ஸ்டூடியோக்காரரிடமிருந்து ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

அதற்குள் பாண்டியம்மா சாக்கைப் போட்டுவிட்டு வந்து, பூமயிலின் தோளுக்கு மேலாகக் கேமராத் திரையை எட்டிப் பார்த்தாள். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த முனியம்மாவிடம் குரல் கொடுத்தாள்.

“ஏய் முனியா, படத்துல என்னடி இந்த முறை முறைக்கிற? உன் மருமக பயந்துக்கப்போறா.”

முனியம்மா எழுந்து வந்தாள். பார்த்தாள். முந்தானையை எடுத்து, திரையில் விழுந்திருந்த கரித்தூளைத் துடைத்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு, ஆள் உயரம் என்றால் எவ்வளவு உயரம் என்று கேட்டாள்.

பூமயில் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்டினாள்.

பொழுது சாயுமுன் எட்டுப் பேரையும் எடுத்துவிட்டாள். வேட்டி மைமூனின் தோளிலேயே கிடந்தது.

செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று, முனியம்மாவின் படத்தைக் கேமராவிலிருந்து செல்போனுக்கு ஏற்றித் தேர்வுக்குழுத் தலைவருக்கு அனுப்பினாள். காலையில் அவருக்கு எழுதியிருந்த மூன்று பக்கத்தையும் அனுப்பவில்லை. படத்துக்குக் கீழே முனியம்மாவின் பெயரை மட்டும் எழுதினாள்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. உரக்கப் படித்தாள்.

“மிக அருமை. முகம் துல்லியம். இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கினால் கட்டாயம் தேர்வாகிவிடும்.”

கூடவே மேட்டில் ஏறி வந்திருந்த எட்டுப் பெண்களும் பூமயிலைப் பார்த்தார்கள். பூமயில் மைமூனைப் பார்த்தாள்.

மைமூன் பர்தாவில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னை ஏன் பாக்குறீங்கக்கா? காலையில சண்டை போட உங்ககிட்ட வாய் மட்டுந்தான் இருந்துச்சு. இப்பப் படமும் இருக்குல்ல?”