தாய்மாமன் கொடுத்த முள்

மீனுக்கும் நண்டுக்கும் வாய் நிறையப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில் திருக்கை தட்டையாக இருக்கவில்லை. பானைக்குச் சிறகு முளைத்த மாதிரி உருண்டு திரண்டிருந்தது. பக்கத்துக்கு ஒரு கண், முன்னால் வாய். வெயில் விழும் மேல்தண்ணீரில், பவளப்பாறைகளுக்கு நடுவே அதன் குடியிருப்பு. ஆழம் என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அந்தத் திருக்கைக் குலத்தில் இருளாயி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி முதன்முறையாக வயிற்றில் முட்டை கண்டிருந்தாள். வயிறு கனத்ததும் மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"தலப்பிரசவம் பொறந்த வீட்டுலதான் பாக்கணும். இல்லேன்னா நாலு பேரு என்ன பேசுவாக? கெளம்பு தாயி."

"அத்தே, எனக்குத்தான் அம்மா இல்லையே. அண்ணன் மட்டும்தான இருக்காரு."

"அண்ணன் இருந்தா அதுதான் பொறந்த வீடு."

முறைப்படி மாமியார் சொன்னது சரிதான். அந்த அண்ணன் யார் என்றுதான் அவள் யோசிக்கவில்லை. இருளாயியின் அண்ணன் கொம்பன் சுறா. சிரிக்க வேண்டாம். அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டுக்கும் உடம்பில் எலும்பு கிடையாது, எல்லாம் குருத்துதான். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அப்படித்தானே இருக்கும்?

பாறைகளைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்த தங்கையைப் பார்த்ததும் கொம்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அகலத் தலையை ஆட்டி ஆட்டி அவளைச் சுற்றி வந்தான். "மெலிஞ்சு போயிட்டியே புள்ள. அங்க சோறு போடுறாகளா இல்லையா?" என்று கேட்டான். தினமும் நண்டும் இறாலும் பொறுக்கிக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டினான். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் கிடப்பான். அப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைக்கும் என்று இருளாயி பூரித்துப் போனாள்.

பிறகு நீரோட்டம் திசை மாறியது. கூட்டம் கூட்டமாக வந்த மீன்கள் வேறு பக்கம் போய்விட்டன. கொம்பன் அலைந்து திரிந்து வெறும் வாயோடு திரும்பினான். கிடைத்த ஒன்றிரண்டு நண்டையும் தங்கைக்கே கொடுத்துவிட்டுத் தள்ளிப் படுத்தான்.

ஒருநாள் அவன் அவளைச் சுற்றி வரும் வட்டம் சிறுத்துக்கொண்டே போனது. இருளாயி வெள்ளந்தியாகத் தலை நிமிர்ந்து, "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் கொம்பன் திடுக்கிட்டு நின்றான். தன் வாய் திறந்திருப்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தங்கச்சி, எம் பக்கத்துல வராத."

"என்னண்ணே?"

"பசி வந்துட்டா எனக்கு ஆளு தெரியாது. உன் வயித்து முட்டை வாசன வேற மூக்குல ஏறிருச்சு. போயிரு. எங்க போறேன்னு எங்கிட்ட சொல்லாத. நானே வந்து கூப்பிட்டாலும் பதில் குடுக்காத."

"மாமியார் வீட்டுக்கே போயிரட்டுமா?"

"மொதல்ல அங்கதான் தேடுவேன். நான் தேடாத எடமாப் பாத்துப் போ."

இருளாயி அழுதாள். ஆனாலும் தாய்மாமன் வெறுங்கையோடு அனுப்பலாமா? "வளையல் போட உனக்குக் கையும் இல்லையே" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். பிறகு விரைந்து போய் ஒரு பாறையில் வாயை மோதினான். தெறித்து விழுந்த பல்லைக் கவ்வி எடுத்துவந்து தங்கையின் வாலில் அழுத்திப் பதித்தான்.

"இதுதான் சீரு. முட்டைய நெருங்குறது யாரா இருந்தாலும் குத்து. நானா இருந்தாலும் குத்து."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இருளாயி கீழே இறங்கினாள்.

முதலில் சிவப்பு மறைந்தது. பிறகு மஞ்சளும் பச்சையும் போயின. கடைசியில் நீலமும் போய், தன் சிறகே தனக்குத் தெரியாத இருட்டு வந்தது. மேலே செத்த உயிர்களின் துகள்கள் வெள்ளைத் தூறலாக, சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தன. எங்கோ ஒரு வெளிச்சம் மினுங்கி அணைந்தது. சொந்த உடம்பையே விளக்காக ஏற்றிக்கொண்ட மீன்கள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயின. இவ்வளவு பெரிய ஊர் நம் காலடியில் இத்தனை நாளும் இருந்ததா என்று அவள் மலைத்துப் போனாள். அழவும் மறந்து போயிற்று.

அடித்தரை குளிரில் விறைத்துக் கிடந்தது. இந்தக் குளிரில் முட்டை எப்படிப் பொரியும்? அவள் தடவித் தடவி ஊர்ந்தபோது ஓரிடத்தில் வயிற்றில் வெதுவெதுப்புப் பட்டது. தரை வெடித்து, உள்ளிருந்து பூமியின் மூச்சு சுடுதண்ணீராக வந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தாச்சிக்கு வெந்நீர் வைத்துக் காத்திருந்த தாய்வீடு அது. இருளாயி முட்டைகளை அங்கே இட்டாள். நாலு மூலையிலும் கொம்பு வைத்த கறுத்த தோல்பைகளாக அவை பாறையைப் பற்றிக்கொண்டன. அவள் அவற்றின் மேல் சிறகை விரித்துக் கவிழ்ந்து படுத்தாள்.

படுத்தவள் எழவில்லை. எத்தனை காலம் என்று யாரும் எண்ணவில்லை. முழுக் கடலும் அவள் முதுகின் மேல் நின்றது. நகர்ந்தால் முட்டை நசுங்கும் என்று அத்தனை பாரத்தையும் முதுகிலேயே வாங்கினாள். உருண்ட உடம்பு நாளாக ஆகத் தட்டையாயிற்று. முட்டைகளோடு பேசிப் பேசி வாய் கீழே இறங்கிவிட்டது. மேலேயே பார்த்துப் பார்த்துக் கண்கள் முதுகுப்பக்கம் ஏறிவிட்டன.

முட்டைக்குள் பிள்ளைகள் புரளத் தொடங்கிய சமயம், மேலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது.

"இருளாயி... தங்கச்சி... மருமக்களப் பாக்க வந்தேன் தாயி..."

அண்ணன் குரல்! எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! 'அண்ணே' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் வாயைச் சேற்றில் அழுத்திக்கொண்டாள். அவன் அவளைத் தரை என்று நினைத்து முதுகை உரசியபடி கடந்து போனான். ஒட்டிப்போன வயிறு அது. போனவன் மோப்பம் பிடித்துத் திரும்பினான். இப்போது குரல் இல்லை. வாயைத் திறந்துகொண்டு நேராகச் சிறகுக்கு அடியில் தலையை நுழைத்தான்.

இருளாயி வாலை வீசினாள்.

முள் அவன் தாடைக்குள் ஏறி முறிந்தது. கடலடிச் சேறெல்லாம் கலங்கும்படி கொம்பன் துடித்தான். வலியில் பசி விலகியது. வாய்க்குள் ஏறியது தன் சொந்தப் பல் என்று நாக்கு சொன்னது. தனக்குக் கீழே கிடப்பது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"சரியாக் குத்துன தாயி" என்றான். "நல்லாருங்க." இரத்தம் புகையாகப் பின்தொடர மேலே ஏறிப் போனான்.

அவள் அப்போதும் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கத்தான் அவன் சொல்லியிருந்தான்.

வாலில் முறிந்த இடத்தில் புது முள் முளைத்தது. முட்டைகள் வெடித்தன. தாயைப் போலவே தட்டையாக, சின்னச் சின்ன முள்ளோடு பிள்ளைகள் நீந்தி வந்தன. சில மேல்தண்ணீருக்குத் திரும்பின. பல அந்த இருட்டையே சொந்த ஊராக்கிக்கொண்டன. கொம்பனின் தாடையில் ஏறிய முள் கடைசிவரை அங்கேயே இருந்தது. அதைப் பிடுங்கி எறிய அவன் நினைக்கவில்லை.

இருளாயிக்கும் அவள் வயிற்றில் வந்த அத்தனை திருக்கைக்கும் அன்றிலிருந்துதான் வாய் கீழே, கண் மேலே. வாய் பிள்ளைகளுக்கு, கண் அண்ணனுக்கு.