ஒன்பது நாள் பாக்கி

“பேசணுமா, பேசாம இருக்கணுமா? இதை மட்டும் சொல்லுங்கம்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் முடிவெடுத்தாகணும்.”

வந்த வேகத்தில் வேலாயுதப்பெருமாள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, மற்றது படியோரம்.

அவர் கேட்ட ஆளோ பதினொரு வருஷத்துக்கும் மேலாக வாய் திறக்காதவர்.

உலகம்மை பன்னிரண்டு வருஷ மௌன விரதத்தில் இருந்தார். எழுதிக் காட்டுவதும் இல்லை, தலையசைப்பதும் இல்லை. முடிய இன்னும் ஒன்பது நாள்தான். அந்த விழாவுக்காக ஆசிரமத்து முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சீடன் சங்கிலி ஓரமாக உட்கார்ந்து தென்னங்குருத்தில் தோரணம் கிழித்துக்கொண்டிருந்தான்.

உலகம்மைக்கு நாற்பது வயது. வேலாயுதப்பெருமாளுக்கு அறுபத்திரண்டு. நாலு முறை ஜெயித்த சட்டமன்ற உறுப்பினர். ஆனாலும் ஆறு வருஷமாக அவருக்குக் குரு இந்த அம்மாதான். திட்டாத குரு கிடைப்பது லேசா?

அவருக்கு மட்டுமில்லை, அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அப்படித்தான். கேட்டதற்கு அம்மா பதில் சொல்லாததை அவரவர் வீட்டுக்குப் போய் வசதிப்படி எடுத்துக்கொண்டார்கள். அதை வைத்தே நாலு கல்யாணமும் இரண்டு பாகப்பிரிவினையும் நடந்திருந்தன.

சங்கிலிதான் கேட்டான். “என்னய்யா ஆச்சு? முதல்ல உக்காருங்க.”

“போன வருஷம் பேரவையில ஒரு சட்டம் போட்டோம் சங்கிலி. பொதுத் தொட்டியில எந்த உசுருக்கும் தண்ணி மறுக்கக் கூடாதுன்னு. நான்தான் எந்திரிச்சுப் பேசினேன். எல்லாரும் மேசையைத் தட்டினாங்க.”

“நல்லதுதானே.”

“சட்டம் நாங்க போடுறது. அதை எப்படி நடத்தணும்னு விதி எழுதுறது துறை அதிகாரிங்க. எழுதின அன்னைக்கே அது நடைமுறைக்கு வந்துரும். ஒரு பிரதியை எங்க மேசையில வைப்பாங்க. வேண்டாம்னா முப்பது நாளுக்குள்ள சொல்லணும். யாரும் ஒண்ணும் சொல்லலேன்னா நிலைச்சுரும். அதைப் படிச்சுப் பார்க்கறதுக்குன்னே ஒரு குழு இருக்கு. அதுக்கு நான் தலைவர்.”

“படிச்சீங்களா?”

வேலாயுதப்பெருமாள் பந்தலைப் பார்த்தார்.

“இருபத்தேழு நாள் படிக்கல. அந்தம்மா வீட்டுக்கு வந்த பிறகுதான் படிச்சேன்.”

அந்தம்மா என்றது இருளாயியை. ஊர் ஊராக ஆட்டுக்கிடை போட்டுப் பிழைப்பவர். பங்குனி வெயிலில் நூற்றிருபது ஆட்டோடு ஒரு தொட்டிக்குப் போயிருக்கிறார். கால்நடைக்குத் தண்ணீர் காட்ட வருபவர் அதே ஊரில் குடியிருப்பதற்குச் சான்று தர வேண்டும் என்கிறது ஏழாவது விதி. எந்த ஊரிலும் பத்து நாள் தங்காதவருக்கு யார் சான்று தருவார்? காவலாளி திருப்பி அனுப்பிவிட்டான். அடுத்த தொட்டிக்குப் போகிற வழியில் முப்பத்தொரு ஆடு ரோட்டிலேயே விழுந்து செத்துவிட்டன.

“அழுதுச்சாய்யா அந்தம்மா?”

“அழுதிருந்தா தேவலை. ‘எந்த உசுருக்கும்னு போட்டிருக்கீங்களாமே, அதுல எங்க ஆடு சேராதா சாமி’ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான்.”

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆட்சேபக் கடிதம் அதில் இருந்தது. எழுதி முடித்தாகிவிட்டது. கையெழுத்துதான் இல்லை. இன்று முப்பதாம் நாள்.

“போட்டுற வேண்டியதுதானேய்யா.”

“அந்தத் துறை மந்திரி என் சம்பந்தி. என் மக அந்த வீட்டுல இருக்கா. ‘மாமா ரெண்டு நாளா எங்கூடப் பேசலப்பா’ன்னு நேத்து போன் பண்ணினா. சம்பந்தி என்கிட்ட ஒண்ணுமே கேட்கல. அவரோட செயலாளர்தான் வந்து சொன்னார். ‘ஐயா எங்களுக்காக எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தா போதும்’னு.”

மூன்று நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மகள் முகம். அது மறைந்தால் ரோட்டில் கிடக்கும் ஆடு.

உலகம்மை பக்கம் திரும்பினார்.

“கையெழுத்துப் போடுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, போட்டுர்றேன். கேக்கறவங்ககிட்ட அம்மா சொன்னாங்கன்னு சொல்லிக்குவேன்.”

உலகம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. பந்தல்காலின் நிழல் மெல்லப் படிப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. வேலாயுதப்பெருமாள் அதைக் கவனித்தார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பேரவையில் இருபது வருஷம் உட்கார்ந்தவருக்கு ஒரு வழி தோன்றாமலா போகும்?

“சரிம்மா, இப்படி வச்சுக்குவோம். அந்த நிழல் இந்தப் படியைத் தொடுற வரைக்கும் உக்காந்திருக்கேன். அதுக்குள்ள நீங்க ஒண்ணும் சொல்லலேன்னா, நான் சும்மா இருக்கறதுல உங்களுக்குச் சம்மதம்னு எடுத்துக்கறேன்.”

சங்கிலியின் கை நின்றது. “அவங்கதான் பேச மாட்டாங்களேய்யா. அது உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

சொன்னவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சொன்னதில் அவருக்கே வெட்கம். நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு விரற்கடை இருந்தது. பிறகு மூன்று.

“எனக்குச் சம்மதமில்லை.”

யார் பேசியது என்று முதலில் இருவருக்கும் விளங்கவில்லை. நெடுநாள் சும்மா கிடந்த கிணற்று ராட்டினம் போல அந்தக் குரல் கரகரத்தது.

உலகம்மைக்கு இருமல் வந்தது. “தண்ணி,” என்றார்.

வேலாயுதப்பெருமாள்தான் எழுந்து போய்ப் பானையிலிருந்து மொண்டு வந்து கொடுத்தார்.

பந்தல்காரர்கள் ஏணியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்து நின்றார்கள். சங்கிலி தோரணத்தை மடியில் போட்டுக்கொண்டு அழுதான்.

“ஒன்பதே நாள்தானேம்மா இருந்துச்சு.”

உலகம்மை தண்ணீரைக் குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைத்தார்.

வேலாயுதப்பெருமாள் படியைத் திரும்பிப் பார்த்தார். நிழல் இன்னும் அதைத் தொட்டிருக்கவில்லை.

“சங்கிலி,” என்றார், “பேனா இருக்கா?”