திட்டாத திரை

நோயாளிகளின் பதிவுகள் அடங்கிய டேட்டாபேஸைப் பராமரிக்கும் வேலையைத் தன் மகள் வயதிருக்கும் ஃபர்ஹானாவிடம் கற்றுக்கொண்டிருந்தார் குலசேகரன். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை மேடம் என்பார். யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்பதில் அந்த டயாலிசிஸ் மையத்தில் பலருக்குக் குழப்பம் இருந்தது.

அன்று காலை சௌந்தரவல்லி சிகிச்சைக்கு வந்தார். கம்ப்யூட்டர் அவருக்குச் சீட்டு தரவில்லை. அதைப் பொறுத்தவரை அவர் இறந்துபோயிருந்தார்.

முந்தைய வாரம் இறந்தவர் கா. சௌந்தரவல்லி. குலசேகரன் இறப்பைப் பதிந்ததோ இன்று வந்திருக்கும் சா. சௌந்தரவல்லிக்கு. இறந்தவரைத் திரும்ப அழைக்க அந்த மென்பொருளில் பொத்தான் கிடையாது. பிரவுசர் வழியாக டேட்டாபேஸுக்குள் போய் ஒரு சொல்லை மாற்றினால்தான் உண்டு. சீட்டு இல்லாமல் மருந்தகம் ஊசியும் குழாயும் தராது.

"நான் செத்துட்டேனாமே," என்றார் சௌந்தரவல்லி, பெஞ்சில் சாய்ந்தபடி. மூச்சு வாங்கியது. கால்கள் வீங்கியிருந்தன. "காரியச் சாப்பாடாவது ஒழுங்கா போட்டீங்களா?"

குலசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய்ப் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தார். பக்கம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு பெயரைக் கேட்டது. திரும்ப அடித்தார். திரும்பக் கேட்டது. நேற்றுவரை விரல்களுக்குத் தெரிந்திருந்தது இன்று நழுவிவிட்டதோ என்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபர்ஹானா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாஸ்வேர்டை மறந்துட்டேன் போல, மேடம். ஆளையே மாத்திப் பதிஞ்சவன், இதை மறக்க மாட்டேனா?"

"திட்டுதா?"

"யாரு?"

"ஸ்கிரீன்."

"இல்ல. சும்மா மறுபடி பேரைக் கேக்குது."

"தப்பா ஒண்ணு அடிங்க."

"தப்பாவா?"

"வேணும்னே."

அடித்தார். அனுமதி இல்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்தது.

"இப்ப உங்களுக்குத் தெரிஞ்சதை அடிங்க."

அடித்தார். பக்கம் வெளுத்தது. சிவப்பு வரவில்லை. பெயரைக் கேட்டது.

குலசேகரன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"தப்புக்குத் திட்டுது. இதுக்குத் திட்டல. அப்போ நான் அடிச்சது சரிதான். என்னை அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சிருக்கு."

"பின்ன எதுக்கு யாருன்னு கேக்குது?"

"உள்ள வந்தவர் இன்னார்னு அது ஓரமா ஒரு வரி எழுதி வச்சுக்கணும். எழுத இடம் இல்லன்னா?"

"அடுத்த நொடியே மறந்துடுமா?"

டேட்டாபேஸ் இருக்கும் சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம் என்று அவள் திறந்து காட்டினாள். துளியும் இல்லை. இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தவை டேட்டாபேஸின் நகல்கள். தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் குலசேகரன் எடுத்து வைத்தவை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒன்றைக்கூட அவர் அழித்ததில்லை.

"கடைசி நகல் ஒண்ணு என்கிட்ட பத்திரமா இருக்கு," என்றாள் ஃபர்ஹானா. "இதுல எதை அழிக்கலாம்?"

அவர் மவுஸைப் பிடித்து மேலும் கீழும் உருட்டினார். மிகப் பழைய ஒன்றின் மேல் நின்றார். கையை எடுத்துவிட்டார்.

"நான் தப்புப் பண்ற ஆளு, மேடம். என்னைக்காவது இது வேணும்னா?"

"என்னைக்காவது வேணும்தான்."

அவள் மவுஸைத் தொடவில்லை. வெளியே சௌந்தரவல்லி இருமும் சத்தம் கேட்டது. நர்ஸ் யாரிடமோ அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பழைய நகல் எல்லாத்துலயும்," என்றார் குலசேகரன் மெல்ல, "அந்தம்மா உயிரோட இருக்காங்க."

"பெஞ்சுலயும் இருக்காங்க, சார்."