புதைந்தது எதுவானாலும்

முன்னே ஒரு காலத்தில், போர்க்களத்தை விட்டுவிட்டுப் புல்வெளியைப் பிடித்துக்கொண்ட ஒரு மன்னர் இருந்தார். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், நமக்கெதற்கு வம்பு? வளைந்த கோலால் பந்தை அடித்துத் தொலைவிலுள்ள சின்னக் குழியில் விழவைக்க வேண்டும், அதுதான் அவருடைய ஆட்டம். நடுவில் பந்தைக் கையால் தொட்டவனுக்குப் பத்துக் கசையடி.

ஒரு மழைநாளில் மன்னர் அடித்த பந்தே தொப்பென்று விழுந்து சேற்றில் முக்கால்வாசி புதைந்துவிட்டது. கையால் எடுத்தால் ராஜ முதுகில் கசையடி விழ வேண்டும். யார் அடிப்பது? சபையே ஆகாயத்தைப் பார்த்தது. அரச ஆணைகளை எழுதும் ஓலைநாயகம் திருமேனியார்தான் வழி கண்டுபிடித்தார்.

"தான் உண்டாக்கிய குழியில் தானே புதைந்த பந்தை, தண்டனை ஏதுமின்றி எடுத்து, ஒரு கோல் தூரத்துக்குள், குழிக்கு நெருங்காமல் விடலாம். இப்படி ஒரு சட்டம் போடலாம், பிரபு."

மன்னர் பூரித்துப்போய் ஓர் அடி வைத்தார். பொற்பாதுகை சேற்றில் மாட்டிக்கொண்டது.

"பந்து என்று ஏன் சுருக்குகிறீர்? புதைந்தது எதுவானாலும் என்று எழுதும்!"

அப்படியே புல்வெளி ஓரத்துக் கல்லில் வெட்டினார்கள். அந்த நாட்டில் அரண்மனை உளியால் வெட்டினால்தான் சட்டம்; அதே உளியால் செதுக்கி எடுத்தால்தான் சட்டம் போகும். இருந்தது ஒரே உளி. திருமேனியார் அதை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தார்.

கோடையில் ராணியின் தம்பி விருந்துக்கு வந்தார், ஆடினார். மன்னரின் கடைசிப் பந்து ஈரத்தில் விழுந்து அடியோடு மறைந்தது. அத்தனை பேரும் தேடியும் கிடைக்கவில்லை, மன்னர் தோற்றார். மைத்துனர் சிரித்தார். ராணியின் தம்பியை என்ன செய்ய முடியும்? புல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் மாசிலானை இழுத்து வந்தார்கள்.

"சாமி, புல்லு காயக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க..."

"கழுத்துவரை புதையுங்கள். பொழுது சாய்ந்ததும் யானையை மேலே நடத்துங்கள்."

"அவன் குழியை அவனே வெட்டிக்கொண்டு, அவனே இறங்கி, மண்ணையும் அவனே இழுத்து மூடிக்கொள்ளட்டும், பிரபு. சேவகர்களுக்கு வீண் வேலை எதற்கு?" என்றார் திருமேனியார். விகடகவி பூவராகனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "பரிந்து பேசுகிறவன் பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டிக்கொள்ளலாம் என்றும் ஆணையிடுங்கள்" என்றார்.

பூவராகனும் மாசிலானும் சிநேகிதர்கள் என்பது அரண்மனைப் பூனைக்குக்கூடத் தெரியும். மன்னர் தலையசைத்தார்.

மாசிலான் வெட்டினான், இறங்கினான், இரண்டு கையாலும் மண்ணை இழுத்து இழுத்து மூடிக்கொண்டான். கடைசியில் கைகளையும் மண்ணுக்குள் செருகிக்கொண்டான்; புல்லுக்கு மேலே ஒரு தலை மட்டும் இருந்தது. கன்னத்தில் எறும்பு ஏறியது; தட்டிவிடக் கை இல்லை. தூரத்தில் யானைமணி கேட்டது. பூவராகன் வாய் திறந்து கெஞ்சினால் இரண்டு தலை. அவன் ஒரு கோலை எடுத்து வந்து மாசிலானின் தலைக்குப் பக்கத்தில் தரையில் கிடத்தினான்.

"என்ன செய்கிறாய்?" என்று அதட்டினார் மன்னர்.

"அளக்கிறேன், மகாராஜா. ஒரு கோல் தூரத்தைத் தாண்டி விட்டுவிட்டால் சட்டத்தை மீறியதாகிவிடுமே."

"பரிந்து பேசுகிறான்!" என்று கத்தினார் திருமேனியார்.

"நான் எங்கே பேசினேன்? கல்தான் பேசுகிறது. புதைந்தது எதுவானாலும்."

"மனிதன் பந்தா?"

"பாதுகை பந்தா, ஓலைநாயகமே?"

"தானே புதைந்ததற்குத்தான் அந்தச் சட்டம்!"

"குழி வெட்டியது யார்? இறங்கியது யார்? மூடிக்கொண்டது யார்? ஒரு பிடி மண்ணாவது நீர் தள்ளினீரா? தள்ளியிருந்தால் ராஜ ஆணையை நீர் மீறியதாகும். தள்ளவில்லையென்றால் இவன் தானே புதைந்தவன். எது என்று சொல்லும்."

யானை வந்து நின்றது. மன்னர் கல்லைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், கோலைப் பார்த்தார்.

"என் சட்டம்தானே... எடுங்கள்."

மாசிலானைப் பிடுங்கி ஒரு கோல் தள்ளி உட்காரவைத்தார்கள்.

"எடுத்தாயிற்று, விட்டாயிற்று. இனி மறுபடி இறக்கலாமே, பிரபு?" என்றார் திருமேனியார். விடுகிற மனிதரா அவர்!

"குழிக்கு நெருங்காமல் என்றிருக்கிறது" என்றான் பூவராகன். "எந்தக் குழி என்று கல்லில் இல்லை. இவன் இனி எந்தக் குழிக்கும் நெருங்கக்கூடாது."

மன்னர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திருமேனியாரே, நாளைக் காலையில் அந்த 'எதுவானாலும்' கல்லில் இருக்கக்கூடாது" என்றார். பிறகு பூவராகனிடம், "நீ வேண்டியதைக் கேள், தருகிறேன்" என்றார்.

முத்துமாலை கேட்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"அந்த உளியைக் கொடுங்கள், மகாராஜா."

மன்னர் ஒரு கணம் முறைத்தார். வாக்கு கொடுத்தாயிற்று. மறுபடி சிரித்தார், இந்த முறை சிரிப்பு சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. திருமேனியார் தம் இடுப்பிலிருந்து உளியைத் தாமே உருவிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கல் இன்னும் அப்படியே நிற்கிறதாம். மாசிலானும் அங்கேதான் தண்ணீர் ஊற்றுகிறான். ஆனால் ஒரு செடி நட வேண்டுமென்றால்கூட அவன் பத்தடி தள்ளி நின்றுகொள்கிறான்; குழி தோண்டுவது அவன் பெண்டாட்டிதான்.