தலைவர் கையால் மாட்டிய பிரேக்

பழைய கார் சங்கத் தலைவர் அரங்கசாமி, சட்டைப் பையில் ஸ்பேனரோடு பட்டறைக்குள் வந்தார். பின்னாலேயே சங்கத்துக்காரர்கள் நாலு பேர்.

"இந்தக் காரோட பிரேக்கை என் கையாலேயே பிரிச்சு மாட்டினேன். ஆனாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது. ஒரு மணி நேரத்துல ஊர்வலம். புது ஸ்பேர் எதுவும் போடக் கூடாது."

பட்டறையில் அன்று இருந்தவள் புதிதாகச் சேர்ந்த சுகந்தி மட்டும்.

"பண்ணிடலாமுங்க."

"நீயா? முடியலேன்னா வேலையை விட்டுட்டுப் போயிரணும். பிரேக்குல தப்புப் பண்றவங்க ஸ்பேனரையே தொடக் கூடாது."

"யாரா இருந்தாலுமாங்க?"

"யாரா இருந்தாலும்!"

சுகந்தி முன்சக்கரங்களைக் கழற்றி, சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர்கள் இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டினாள். தலைவரையே சீட்டில் உட்கார வைத்து, "மிதிங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க" என்று வேலை வாங்கினாள். காலிப்பர் திருகில் செருகிய சிறு குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது.

"என்னம்மா போட்டே?"

"ஒண்ணும் போடலீங்க. இடதும் வலதும் மாறியிருந்துச்சு. காத்தை விடுற திருகு கீழே போயிட்டதால, காத்து மேலேயே தங்கிடுச்சு."

சங்கத்துக்காரர்கள் தலைவரைப் பார்த்தார்கள். சுகந்தி பணிவாகக் கையை நீட்டினாள்.

"அந்த ஸ்பேனரைக் குடுத்துருங்க."