கரைக்குக் கீழே நின்ற நரி

மலையடிவாரத்தில் ஒரு காடு இருந்தது. கோடை வந்தால் அங்கே ஓடை வற்றிவிடும். குட்டிகள் தாகத்தில் தவிப்பதைப் பார்த்த சிங்கராஜா, ஓடையின் குறுக்கே கரை எழுப்பி ஏரி அமைக்கச் சொன்னது. திட்டம் போட்டது மந்திரி நரி. யானைகள் பாறைகளை உருட்டி, மண்ணைக் கொட்டிக் கரையை எழுப்பின.

வேலை முடிந்ததும், சரியாக இருக்கிறதா என்று பார்த்துவரக் கரடியை அனுப்பியது ராஜா. கரடி எதையும் நிதானமாகச் செய்யும். கரை முழுவதும் நடந்து பார்த்தது. உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோட எங்கும் கலிங்கு இல்லை. கரைக்குக் கீழே பள்ளத்தில் மான்கள் குடியிருந்தன.

சபையில் அதைச் சொன்னபோது நரி சிரித்தது. இவ்வளவு பெரிய ஏரி ஒருநாளும் நிரம்பாது, கரடி வீணாகப் பயப்படுகிறது என்றது. மழைக்கு முன்னே ஏரி தயாராக வேண்டுமே என்ற அவசரத்தில் ராஜாவும் நரியின் பக்கமே சாய்ந்தது.

கரடி சற்று யோசித்தது.

"சரி ராஜா. முதல் மழை ஓயும்வரை நானும் மந்திரியும் மான்களோடு பள்ளத்தில் தங்குகிறோம். அனுமதி கொடுங்கள்."

ராஜா சம்மதித்தது. மறுத்தால் ராஜாவுக்குச் சந்தேகம் வரும். நரி வேண்டாவெறுப்பாகத் தலையாட்டியது.

கரடி மான்குட்டிகளை மேட்டுக்கு அனுப்பிவைத்தது. மந்திரியே நம்மோடு இருக்கிறாரே என்று பெரிய மான்கள் அங்கேயே இருந்துவிட்டன.

மழை கொட்டியது. ஓடை செந்நிறமாகப் பெருகி வந்தது. மதியத்துக்குள் ஏரி விளிம்பைத் தொட்டது. கரைச் சரிவில் ஒரு கீற்றாக நீர் வழிந்து மண்ணை அரித்தது. மான்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. கரடி நரியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வழி ஏதாவது தெரிந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், மந்திரி" என்றது.

சரிவிலிருந்து ஒரு கட்டி மண் நரியின் காலடியில் விழுந்தது. அதற்குமேல் நரியால் தாங்க முடியவில்லை. கரைமேல் காவலுக்கு நின்ற யானைகளைப் பார்த்துக் கத்தியது.

"வடக்கு முனையில் வெட்டுங்கள்! என் குகைக்குப் பக்கத்தில் நிலம் தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் அந்த வழியே காட்டாற்றுக்குப் போய்விடும்!"

யானைகள் தந்தத்தால் மண்ணைக் குத்திப் பெயர்த்தன. தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்து, நரியின் குகையை நிரப்பிக்கொண்டு அப்பால் ஓடியது. சரிவில் வழிந்த நீர் மெல்ல நின்றது.

ராஜா பள்ளத்துக்கு இறங்கி வந்து, அந்த இடம் முன்பே தெரியுமா என்று நரியிடம் கேட்டது.

"தெரியும் ராஜா. அங்கே கலிங்கு வைத்தால் என் குகை போய்விடும் என்றுதான்..."

"உன் குகையைக் காக்க மான்களின் உயிரைப் பணயம் வைத்தாயா?"

அன்றே நரியின் மந்திரிப் பதவி போயிற்று. ஆனால் ராஜா உடனே திரும்பிப் போகவில்லை. பள்ளத்தில் நின்று, தலைக்கு மேலே உயர்ந்து நின்ற கரையை அப்போதுதான் முதல்முறையாக அண்ணாந்து பார்த்தது.

நீதி: ஒரு திட்டத்தால் யாருக்கு ஆபத்து வருமோ, அவர்கள் இடத்தில் நின்று பார்த்த பிறகே அதை நல்லது என்று சொல்ல வேண்டும்.