சட்னி பூசிய பள்ளிக்கூடம்

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சலூன் வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடியில் உங்கள் மூஞ்சி தெரியும். அதற்குப் பின்னால் தெருவில் கட்டியிருக்கிற பேனரும் தெரியும். பாத்திரக்கடை தர்மக்கண் அண்ணாச்சி அதில் கையைக் கட்டிக்கொண்டு ரெண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறார். 'ஆப்பிரிக்க மண்ணில் பத்து நாள் பள்ளிக்கூடம் கட்டப் புறப்படும் தொண்டுச் சுடரே' என்று கொட்டை எழுத்து. கூடப் போன சம்சாரம் செண்பகமும் மகள் அபிநயாவும் கீழ் மூலையில் தீப்பெட்டி அளவு வட்டத்துக்குள் இருக்கிறார்கள். கட்டியது வர்த்தகர் சங்கம்.

போனவர் நாலாம் நாளே தனி ஆளாகத் திரும்பிவிட்டார். ஊர் சும்மா இருக்குமா? பேனரைக் கழற்று என்று சங்கத்தில் பாதிப் பேர். முடிவு சொல்ல வேண்டியவர் செயலாளர் வேல்ச்சாமி. அவர் அன்று காலை என் நாற்காலியில், ஒரு கன்னத்தில் நுரையோடு இருந்தார். பெஞ்சில் லீவில் இருந்த கண்டக்டர் ஜெயவேல். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி உள்ளே வந்தார். சொத்து போனாலும் தாங்குவார், பேனர் போனால் தாங்க மாட்டார்.

"என்ன அண்ணாச்சி, பத்து நாள்னு சொன்னாக, அதுக்குள்ள வந்துட்டீக?" என்றார் வேல்ச்சாமி, கண்ணாடியைப் பார்த்தபடியே.

"வேலை முடிஞ்சா வர வேண்டியதுதான? போயி எறங்கின அன்னிக்கே பள்ளிக்கூடம் எந்திரிச்சிருச்சு" என்றார் அண்ணாச்சி.

ஜெயவேல் பேப்பரை மடித்து வைத்தான். நான் கத்தியைத் துடைத்தேன். அண்ணாச்சி ஆரம்பித்தால் கத்தியைக் கன்னத்தில் வைத்திருப்பது ஆபத்து. சிரிப்பில் கை ஆடும்.

"எல்லாத்துக்கும் காரணம் இட்லி மாவு" என்றார். "அந்த ஊர்ல என்ன கிடைக்குமோன்னு செண்பகம் முத நாளே ஆட்டி, பெரிய சம்படத்துல ஊத்தி, மூடி மேல வேட்டிய இறுக்கிக் கட்டி, பெட்டிக்குள்ள வச்சுட்டா. உளுந்து நம்ம கரிசக்காட்டு உளுந்து. அதோட வேகம் உங்களுக்கே தெரியும். ஏரோப்ளேன் மேகத்தைத் தாண்டவும் மாவு பொங்க ஆரம்பிச்சிருச்சு. பைலட்டு எங்கிட்ட வந்து, 'எஞ்சினை அமத்திட்டேன், ஆனாலும் மேல போய்க்கிட்டே இருக்கு'ன்னு கையைப் பிசையுதாரு."

"உங்ககிட்ட எதுக்கு வந்தாரு?" என்றான் ஜெயவேல்.

"பின்ன, உங்கிட்டயா வருவாரு? கீழ சாமான் வைக்கிற எடத்துக்குப் போயி மூடிய லேசா நெகிழ்த்தி விட்டேன். மாவு ஒரு ஏப்பம் விட்டுச்சு. ப்ளேன் மெதுவா எறங்கி மலாவி நாட்டுல உக்காந்துச்சு."

"மலாவின்னு ஒரு நாடு இருக்கா?" என்று வேல்ச்சாமி என்னிடம் கேட்டார். இருக்கிறது என்றேன். இது வரைக்கும் அவர் கதையில் எனக்குத் தெரிந்த உண்மை அது ஒன்றுதான்.

"ஏர்போர்ட்டுல பெட்டி எல்லாம் உருண்டு வரும்ல, நம்ம பெட்டி வரவும் மத்த பெட்டியெல்லாம் ஒதுங்கி வழி விட்டுச்சு. மினி பஸ் தண்டிக்குப் பெருசா ஆயிப்போச்சு. அதிகாரி தொட்டுப் பாத்தாரு. உள்ள அசையுது, வெதுவெதுன்னு இருக்கு. மூணு பேருக்குத்தான பாஸ்போர்ட் இருக்கு, நாலாவது ஆள் யாருன்னு கேட்டாரு. நான் பொய் சொல்லுற ஆளா? 'வீட்டுல எல்லாருக்கும் மூத்தது இதுதான், காலைல இது மூஞ்சிலதான் முழிப்போம்'னு சொன்னேன். அதுக்கும் ஒரு முத்திரை குத்தி அனுப்பிட்டாரு."

"அப்புறம் ஜீப்புல ஊருக்குப் போனோம்" என்று தொடர்ந்தார் அண்ணாச்சி. "ரோடு பூரா பள்ளம். பெட்டி இடுக்கு வழியா மாவு ஒழுகி ஒவ்வொரு பள்ளத்துலயா விழுது. வெயில்னா அப்படி ஒரு வெயில். திரும்பிப் பாத்தா ரோடு மட்டமா இருக்கு, மேல பொன்னிறம்."

"அண்ணாச்சி, பள்ளத்துல ஊத்தினா பணியாரம்தான வரும்?"

"நான் இட்லின்னு சொன்னனா? பணியாரம்தான். நீ டிக்கெட் குடுக்கிற நெனப்புலயே கேட்டா எப்படி?"

ஜெயவேல் என்னைப் பார்த்தான். நான் சீப்பைப் பார்த்தேன்.

"அடுத்தாப்புல ஆறு. பாலத்தை வெள்ளம் கொண்டு போயிருச்சு. தண்ணிக்குள்ள நீர்யானைக வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. என் மக அபி அழ ஆரம்பிச்சுட்டா. நான் கரண்டிய எடுத்தேன். ஒரு வாய்க்கு ஒரு கரண்டி, அவ்வளவுதான். உள்ள போன மாவு வயித்துல பொங்கி, அதுக எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா மிதந்துருச்சு. ஜீப்பை அதுக முதுகு மேலயே ஓட்டிட்டுப் போயிட்டோம். கடைசில நின்னது மட்டும் மறு கரண்டி கேட்டுச்சு. குடுத்துட்டுத்தான் வந்தேன், பாவம்."

வேல்ச்சாமி நுரை காய்ந்துபோன கன்னத்தைச் சொறிந்தார். "பள்ளிக்கூடத்துக்கு வாங்க அண்ணாச்சி. சங்கத்துல நான் பதில் சொல்லணும்."

அண்ணாச்சி பேனரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"வந்துட்டேன். அங்க எங்களுக்கு மின்னாலயே செங்கல் அறுக்கிற அச்செல்லாம் அடுக்கி வச்சிருக்காக. மண்ணுதான் ஈரமா இருக்கு, நாள் ஆகும்னாக. மாவு கைவசம் இருக்கும்போது மண்ணுக்கு எதுக்குக் காத்துக் கெடக்கணும்? அச்சுல ஊத்தினேன். வெயில்லயே வெந்து வந்துச்சு. வெள்ளை வெளேர்னு, ஒரே அளவு, ஒரு கல்லு ஒடையல. உச்சி வெயிலுக்குள்ள நாலு சுவரும் முடிஞ்சு போச்சு. தலைமை வாத்தியார் நம்ப மாட்டாம ஒரு எடத்துல கடிச்சுப் பாத்தாரு. அங்க ஒரு சன்னல் வச்சுக்கிட்டோம்."

"பூச்சு வேலை?" என்றான் ஜெயவேல். அவன் குரலில் கேலி குறைந்து, ஆசை வந்திருந்தது. காலையில் சாப்பிடவில்லை போலிருக்கிறது.

"கெட்டிச் சட்னி. உள்பக்கம் தேங்காய், வெளிப்பக்கம் தக்காளி."

"மழை பெஞ்சா கரைஞ்சிராதா?"

"மழைக்கு ஒண்ணும் ஆகாது. சாம்பார் பெஞ்சாத்தான் கஷ்டம். அந்த நாட்டுல அது பெய்யுறதில்லைன்னு விசாரிச்சுட்டேன்."

வேல்ச்சாமி தலையைத் திருப்பி, முதல் தடவையாக அண்ணாச்சியை நேருக்கு நேர் பார்த்தார். "எல்லாம் முடிஞ்சுதுன்னா மதினியும் பிள்ளையும் ஏன் வரல?"

"திறப்பு விழாவுக்கு வாசல்ல கோலம் போட ஆள் வேண்டாமா? நானே மேல் பார்வைக்கு விட்டுட்டு வந்தேன்" என்றார் அண்ணாச்சி, கண்ணை இமைக்காமல். "பேனர்ல 'புறப்படும்'ங்கிறதை மட்டும் 'முடித்துத் திரும்பிய'ன்னு மாத்தினாப் போதும்."

அப்போது என் போன் அடித்தது. திரையில் ஏதோ வெளிநாட்டு நம்பர். கையெல்லாம் சோப்பு, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"முத்துக்காளை தம்பியா? நான் பாத்திரக்கடை செண்பகம் பேசுதேன். அவுக போனை அமத்தி வச்சிருக்காக. அங்க இருக்காகளா?"

"இருக்காக மதினி. சொல்லுங்க."

"வீட்டு பிரிட்ஜ்ல ஒரு சம்படம் இட்லி மாவு இருக்கு. கெளம்புற அவசரத்துல எடுத்து வைக்க மறந்துட்டேன். இந்நேரம் புளிச்சு வழிஞ்சிருக்கும், எடுத்துக் கொட்டச் சொல்லுங்க. அதுக்குத்தான இங்க வந்து எறங்கின அன்னிக்கே அவுகளுக்கு அந்தக் கோவம். தட்டுல மக்காச்சோளக் களிய வச்சாக. இட்லி இல்லாத ஊர்ல எனக்கென்ன வேலைன்னு டிக்கெட்டை மாத்திக்கிட்டு வந்துட்டாக."

அண்ணாச்சி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நிமிடம் அவர் மேல் பாவமாகத்தான் இருந்தது.

"அங்க வேலை எப்படி மதினி?" என்று வேல்ச்சாமி நாற்காலியிலிருந்தே சத்தமாகக் கேட்டார்.

"செயலாளரா? நல்லா நடக்குதுண்ணே. சுவரு இடுப்பளவு வந்திருச்சு. அபி கலவை குழைக்கா, நான் கல்லு எடுத்துக் குடுக்கேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம், ஆனா மனசு நெறைஞ்சு கெடக்கு. மிச்ச நாளும் இருந்து முடிச்சுட்டுத்தான் வருவோம். அவுக வேளா வேளைக்குச் சாப்பிடுதாகளான்னு மட்டும் பாத்துக்கோங்க தம்பி." போன் வைக்கப்பட்டது.

ஜெயவேல் மெதுவாக, "அப்ப மாவு சாத்தூரையே தாண்டல" என்றான்.

அண்ணாச்சி நிமிர்ந்தார். சட்டைக் காலரைச் சரி பண்ணினார்.

"நான் சொன்னா நம்புனீகளா? அதோட வேகத்தைப் பாத்தீகள்ல. அங்க வேலை முடியவும் எனக்கு மின்னாலயே கெளம்பி வந்து பிரிட்ஜ்க்குள்ள உக்காந்துருச்சு."

வேல்ச்சாமி நுரை காய்ந்த கன்னத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் நுரையைப் புதிதாகப் போட்டேன்.

"சரி அண்ணாச்சி, பேனர் இருக்கட்டும், கழட்ட வேண்டாம்" என்றார்.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும் வேல்ச்சாமி, நீங்க நியாயஸ்தர்."

"வட்டத்துக்குள்ள இருக்கிற ரெண்டு பேரையும் பெருசு பண்ணிருவோம். நீங்க அந்த வட்டத்துக்குள்ள போயிருங்க."